நியோஸ் ஏரியில் ஏன் குழாய் போட்டார்கள்?

கேள்வி: கேமரூனில் ஓர் எரிமலை ஏரி ஒரே இரவில் 1,700 பேருக்கு மேல் கொன்றதாமே? எரிமலை வெடிக்காமல் ஏரி எப்படிக் கொல்லும்? அங்கே போட்டிருக்கும் குழாய் எதற்கு?

பதில்: அது நியோஸ் ஏரி, நாள் 1986 ஆகஸ்ட் 21. பாறைக்குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான பள்ளம். ஆழம் சுமார் 208 மீட்டர். கீழிருந்து கசியும் கரியமில வாயு அடித்தண்ணீரில் கரைந்து சேருகிறது. குளிர்நாட்டு ஏரிகளில் மேல்நீர் குளிர்ந்து கனத்து இறங்க, அடிநீர் மேலேறும். வாயு அவ்வப்போது வெளியேறிவிடும். வெப்பமண்டலத்து நியோஸில் அடிநீர் அசையாமல் கிடக்கிறது.

கோலி சோடாவில் வாயுவை அடக்கி வைப்பது கோலி. இங்கே மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான் கோலி: அடியில் காற்றழுத்தத்தைப் போல் 21 மடங்கு அழுத்தம். அன்றிரவு அடிநீர் கொஞ்சம் மேலேறியிருக்கிறது (நிலச்சரிவு தூண்டியிருக்கலாம் என்பது ஒரு கணிப்பு). ஏறிய நீரில் குமிழி கிளம்பியது. குமிழியால் நீர் இலேசாகி இன்னும் ஏறியது. அப்புறம் நிறுத்த முடியாது. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் பள்ளத்தாக்குகளில் ஆறுபோல இறங்கி, 25 கிலோமீட்டர் வரை உறங்கியவர்களையும் மாடுகளையும் மூச்சுத்திணற வைத்தது. அதன்பின் ஏரி செந்நிறமாகிவிட்டது; காரணம், மேலே வந்த இரும்பு காற்றுபட்டுத் துருவானதுதான்.

2001-இல் போட்ட குழாய் 203 மீட்டர் நீளம், 14.5 சென்டிமீட்டர் விட்டம். மிதவையிலிருந்து அடிவரை தொங்குகிறது. பம்பு வைத்து நீரை இழுப்பது தொடக்கத்தில் மட்டும். குழாய்க்குள் குமிழி கிளம்பியதும் பம்பை நிறுத்திவிடலாம். 1986-இல் கொன்ற அதே விசை, குழாய்க்குள் அடங்கி வேலை செய்கிறது. தொடக்கத்தில் நீர் 50 மீட்டர் உயரம் பீய்ச்சியது; வாயு காற்றில் கலைந்துவிடுகிறது. ஒரு குழாயின் வேகம் போதாமல் 2011-இல் இன்னும் இரண்டு சேர்த்தார்கள். வாயு குறையக் குறைய நீரூற்றும் தளரும். ஆனால் கீழிருந்து வாயு வருவது நிற்கவில்லை; ஆகவே குழாயை எடுத்துவிட முடியாது.

இன்னொரு தொல்லையாக இருந்தது வடகரை. ஏரியின் மேல் 40 மீட்டர் நீரைத் தாங்குவது எரிமலைச் சாம்பலும் கல்லும் இறுகிய பலவீனமான இயற்கை அணை. அது உடைந்தால் நைஜீரியா வரை வெள்ளம் போகும் என்று அஞ்சினார்கள். கூடவே நீர்மட்டம் இறங்கி, கோலி தளர்ந்த கதையாகிவிடும். அதனால் பின்னர் அந்த அணையை வலுப்படுத்தினார்கள்.

கேள்வி: நம் நாட்டு லோனார் ஏரியிலும் இந்த ஆபத்து உண்டா?

பதில்: இல்லை. மகாராஷ்டிரத்து லோனார் எரிமலைப் பாறையில் இருந்தாலும், விண்கல் விழுந்து உண்டான பள்ளம். உப்பும் காரமும் மிகுந்த ஆழமில்லாத ஏரி. வாயுவை அடக்கிவைக்க அங்கே தண்ணீரே போதாது. 2020-இல் அது இளஞ்சிவப்பானது உப்பில் வாழும் நுண்ணுயிர்களால்.