இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள மொசைக்குகள் (சிறு சில்லுகளைச் சுவரில் பதித்துச் செய்த படங்கள்) நேரில் மின்னுகின்றன, புகைப்படத்தில் மங்கலாகத் தெரிகின்றன. ஏன்?

சில்லுகளைப் பதித்த சாய்வுதான் காரணம். தங்கச் சில்லு என்பது இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே மெல்லிய தங்கத்தாளை வைத்துச் செய்தது. ஈரமான சுண்ணாம்புக் காரையில் அதை மட்டமாக அழுத்தாமல், ஒவ்வொன்றையும் வெவ்வேறு பக்கம் சாய்த்துப் பதித்தார்கள். நீங்கள் ஓரடி நகர்ந்தால் வேறு சில்லுகள் ஒளிரும். ஒரே இடத்தில் நிற்கும் கேமராவுக்கு இது பிடிபடாது; ஃபிளாஷ் போட்டால் சுவரே தட்டையாகிவிடும்.

547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தில், பீடத்தருகே எதிரெதிர்ச் சுவர்களில் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனும் அரசி தியோடோராவும் மொசைக்கில் நிற்கிறார்கள். அங்கே மெதுவாக நடந்துகொண்டே பாருங்கள். பக்கத்திலுள்ள, ரோம அரசி கல்லா பிளாசிடியாவின் பெயர் கொண்ட கல்லறை மண்டபம் இன்னும் அழகு: மெல்லிய அலபாஸ்டர் (ஒளி ஊடுருவும் கல்) பலகைகள் வழியே மங்கிய ஒளி மட்டுமே வரும். நுழைந்ததும் அண்ணாந்து பார்க்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் கருநீலக் கூரையின் நட்சத்திரங்கள் துலங்கும்.