குளிர்காலக் கூடாரத்தில் நெருப்புக்கு எங்கே இடம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குளிர்காலத்தில் திறந்த வெளியில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்த இருக்கிறோம். 150 பேர் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்வார்கள். எவ்வளவு பெரிய கூடாரம் வேண்டும்? நடுவில் கம்பம் நட்டுக் கயிறு இழுத்துக் கட்டும் கூடாரம் நல்லதா, அலுமினியச் சட்டக் கூடாரம் நல்லதா?

பதில்: நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பதற்கும் பரிமாறுபவர்கள் நடமாடுவதற்கும் சேர்த்து, வட்ட மேசையில் அமரும் ஒருவருக்கு ஏறத்தாழ 1.2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 150 பேருக்கு 180 சதுர மீட்டர் ஆகிறது. சிறு மேடைக்கும் நுழைவிடத்துக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் 12 மீட்டர் அகலமும் 18 மீட்டர் நீளமும் கொண்ட கூடாரம், அதாவது 216 சதுர மீட்டர், உங்களுக்குப் போதும். எதற்கும் இருக்கட்டும் என்று கூடாரத்தின் நீளத்தில் இன்னொரு பகுதியைச் சேர்த்துவிடாதீர்கள். கோடையில் அது வெறும் இடம், குளிர்காலத்திலோ நீங்கள் இரவு முழுவதும் சூடேற்ற வேண்டிய காற்று.

குளிர்காலத்துக்கு நான் சட்டக் கூடாரத்தையே சொல்வேன். கம்பக் கூடாரம் பார்வைக்கு அழகானதுதான். ஆனால் அதன் கூர்முகடுகளில் வெப்பம் போய்த் தங்கிவிடும், இழுகயிறுகளுக்காகச் சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் இடம் விட வேண்டியிருக்கும், முளை அடிக்க மண் தரையும் வேண்டும். சட்டக் கூடாரத்தின் படுதாக்கள் இடைவெளி குறைவாகப் பொருந்துகின்றன. கல் தரையிலும் எடைக்கட்டிகளை வைத்து அதை நிறுத்த முடியும்.

எந்தக் கூடாரமானாலும் முளை அடிப்பதற்கு முன் அந்த இடத்தில் மண்ணுக்குள் மின்கம்பியோ குழாயோ ஓடுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வரும் வரைபடங்களில் மேடை, மேசை, அலங்கார வளைவு வரை எல்லாம் இருக்கின்றன, ஹீட்டர் மட்டும் இருப்பதில்லை. அது நிற்கச் சமதளமான இடமும், எரிபொருள் வண்டி வந்துபோக வழியும், விருந்தினர் நெருங்காதபடி தடுப்பும் தேவை என்பதால் முதல் நாளே அதை வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

கேள்வி: வாடகைக்குத் தருபவர் இரண்டு ஹீட்டர் போதும் என்கிறார், தெரிந்தவர் ஒருவர் நான்கு வேண்டும் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: எண்ணிக்கையைக் கேட்காமல் கிலோவாட்டைக் கேளுங்கள். கணக்கு எளியது: கூடாரத்தின் கன அளவைக் கன மீட்டரில் கண்டு, அதை வெளி வெப்பநிலைக்கும் உள்ளே வேண்டிய வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, ஒற்றைத் துணிக் கூடாரம் என்றால் மேலும் 4-ஆல் பெருக்கி, வருவதை 860-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் கிடைக்கும். மேலே சொன்ன கூடாரத்தின் சராசரி உயரம் 3.5 மீட்டர் என்றால் கன அளவு 756 கன மீட்டர். வெளியே 6 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 12. இவற்றை வைத்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 42 கிலோவாட் வருகிறது.

நிகழ்ச்சி நாளின் சராசரிக் குளிரை அல்ல, அந்தப் பருவத்தில் இரவு எவ்வளவு இறங்கக்கூடுமோ அதையே கணக்கில் வையுங்கள். மின்சார ஹீட்டராலேயே இதைச் சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள், 230 வோல்ட், 16 ஆம்பியர் பிளக் ஒன்றிலிருந்து 3.7 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் தேவையானது வேறு. டீசல் ஹீட்டர் என்றால், ஒரு லிட்டரில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் இருப்பதால், முழு வேகத்தில் மணிக்கு நான்கரை முதல் ஐந்து லிட்டர் வரை செலவாகும்.

ஆட்கள் வந்து அமர்ந்ததும் தேவை குறைந்துவிடும். சும்மா அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பம் வெளிப்படுகிறது. 150 பேர் சேர்ந்தால் அதுவே ஒரு நல்ல ஹீட்டருக்குச் சமம். எனவே வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரைத் தானாக ஓட்டி நிறுத்தும் தெர்மோஸ்டாட் இருந்தே ஆக வேண்டும். அதன் உணர்கருவியைச் சூடான காற்று வரும் குழாயின் வாய்க்கு எதிரிலோ கதவருகிலோ தொங்கவிடாமல், அமர்ந்திருப்பவரின் தலை உயரத்தில் கூடாரத்தின் நடுப்பகுதியில் வையுங்கள்.

கேள்வி: கூடாரத்துக்குள்ளேயே நான்கு மூலைகளில் கேஸ் ஹீட்டர் வைத்தால் செலவு குறையும் என்கிறார்கள். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இதுதான்.

மூடிய கூடாரத்துக்குள் நெருப்பு எரிந்தால் அது அங்குள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கும் அறிகுறிகளை, ஓடியாடி வேலை செய்த களைப்பு என்றே எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஒரே நேரத்தில் பலருக்குத் தலை வலித்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் அனைவரையும் வெளியே அனுப்புங்கள். பிறகு கேஸை நிறுத்தி, மருத்துவ உதவியை வரவழையுங்கள்.

இன்னொன்று ஈரம். சிலிண்டர் கேஸான புரொப்பேன் ஒரு கிலோ எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. 42 கிலோவாட் அளவுக்கு எரித்தால் மணிக்கு ஐந்து லிட்டர் தண்ணீரைக் கூடாரத்துக்குள் கொட்டுவதற்குச் சமம். மக்களின் மூச்சுக்காற்றின் ஈரம் அதற்கு மேல். பல ஆண்டுகளுக்கு முன் இப்படிச் சூடேற்றிய ஒரு கூட்டத்தில் நான் அமர்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் எல்லாம் கதகதப்பாகவே இருந்தது. பிறகு முகட்டுத் துணியில் முத்து முத்தாக நீர் கோத்து, சரிவில் வழிந்து, சட்டத்தின் மூட்டில் ஒருகணம் தொங்கி, பேச்சாளரின் கையிலிருந்த தாளில் சொட்டியது. மை கரைந்து பரவியதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மழையென்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. அன்று சொட்டியது தண்ணீர் மட்டும்தான் என்பதில் இன்றும் எனக்கு நிம்மதி.

சரியான முறை இதுதான்: பர்னரும் விசிறியும் புகைபோக்கியும் கூடாரத்துக்கு வெளியே நிற்க வேண்டும், புகை வெளிக்காற்றில் கலந்துவிட, புகையோடு கலக்காமல் அதன் வெப்பத்தை மட்டும் வாங்கித் தரும் வெப்பமாற்றியின் மேல் ஓடிச் சூடான சுத்தமான காற்று மட்டுமே குழாய் வழியாக உள்ளே வர வேண்டும். வாடகைக்கு எடுக்கும்போது, புகை தனியே வெளியேறுமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். ஜெனரேட்டரின் புகையும் ஹீட்டர் காற்றை உறிஞ்சும் பக்கம் வீசக் கூடாது. சிலிண்டர்கள் வெளியே, நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். சிலிண்டரிலுள்ள கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் பள்ளங்களில் தேங்கும். குளிர்பகுதிகளில் இன்னொரு சிலிண்டர் கேஸான பியூட்டேன் உதவாது, சுழி டிகிரிக்கு அருகிலேயே அது ஆவியாவது நின்றுவிடும்; புரொப்பேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும்.

குடை வடிவக் கேஸ் ஹீட்டர்கள் நாற்புறமும் திறந்த பந்தலுக்கானவை. அவை காற்றைவிட எதிரில் நிற்பவரையே அதிகம் சூடாக்குவதால் அங்கே பயன்படும்; மூடிய கூடாரத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை.

கேள்வி: போன முறை ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியும் கால் மட்டும் சில்லிட்டுக்கொண்டே இருந்தது. ஏன்?

பதில்: சூடான காற்று முகட்டுக்கு ஏறிவிட்டது, குளிர்ந்த காற்று படுதாவின் அடியில் நுழைந்தது. மெல்லிய காகித நாடா ஒன்றை எடுத்துப் படுதாவின் கீழ் விளிம்போரம் மெதுவாக நகர்த்திக்கொண்டே நடந்து பாருங்கள். நாடா உள்நோக்கிப் படபடக்கும் இடமெல்லாம் ஓட்டைதான். அங்கே விளிம்புத் துணியை உள்ளே மடித்து எடை வையுங்கள். குழாயின் வாயைத் தரையோரம் திருப்புங்கள், துளையிட்ட நீள் குழாய் கிடைத்தால் நீளச் சுவரை ஒட்டி ஓடவிடுங்கள். கூரைக்கு உள்துணி கட்டினால் இடையில் நிற்கும் காற்று போர்வையாகும், சொட்டும் குறையும். ஈர மண்ணின் மேல் நேரடியாக விரிப்புப் போடாமல், சற்று உயர்த்திய பலகைத் தளம் அமைத்துவிட்டால் கால் குளிர்வது பெரும்பாலும் தீரும். வாசலில் இரட்டைக் கதவு, நடுவே சிறு முன்னறை. இதைவிடக் குறைந்த செலவில் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: காற்று பலமாக வீசினால், அழுத்தம் குறைய ஒரு பக்கப் படுதாவைக் கழற்றிவிடலாமா?

பதில்: கூடாது. காற்று அந்தப் பக்கம் புகுந்து வெளியேற வழியில்லாமல் கூரையை மேலே தூக்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், 18 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு பக்கத்தின் மீது ஒரு டன்னுக்கும் மேலான எடைக்குச் சமமான விசை விழுகிறது. கூடாரம் எந்த வேகம் வரை தாங்கும் என்று அதைத் தயாரித்தவர்கள் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த எண்ணை முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, காற்று அந்த அளவை நெருங்கும்போதே எல்லோரையும் வெளியேற்றுங்கள்.

கேள்வி: ஹீட்டரை எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்தலாம்?

பதில்: விருந்தினர் வருவதற்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு முன்பே போடுங்கள், காற்று விரைவில் சூடாகிவிடும், ஆனால் தளமும் மேசையும் நாற்காலியும் மெதுவாகத்தான் சூடாகும். நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடலாம். வெண்பனி பொழியும் இரவு என்றால் மட்டும், கூடாரம் காலியாக இருந்தாலும் ஒருவரைக் காவலுக்கு வைத்து ஹீட்டரை ஓடவிடுங்கள். கூரைத் துணி சூடாக இருந்தால் விழும் பனி உருகி வழிந்துவிடும். ஒருமுறை படிந்து கனத்துவிட்டால் அடியில் நின்று தட்டிவிட முயலாமல், விலகி நின்று கூடாரம் போட்டவர்களை அழையுங்கள்.