புது ரகங்களால் லாபம் யாருக்கு? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பழைய நெல்லுக்கே யூரியாவைக் கூட்டிப் போட்டிருந்தால் விளைச்சல் ஏறியிருக்காதா? பசுமைப் புரட்சியில் வந்த குட்டை ரகம் எதற்கு?

பதில்: பழைய நெட்டை ரகத்துக்கு யூரியா தரும் தழைச்சத்து கூடினால் தாள்தான் ஓங்கும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றடித்தால் வயலே படுத்துவிடும். தண்ணீரில் கிடக்கிற மணி முளைத்தும் போகும். அதனால்தான் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெல்லோடு தைவானின் குட்டை நெல் ஒன்றைச் சேர்த்து, 1966-இல் ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்டது. இடுப்பு உயரம், தடித்த தாள். போட்ட உரம் மணிக்குப் போனது. பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் குணம் இல்லாததால் எந்தப் பட்டத்திலும் நடலாம். சுமார் 130 நாளில் அறுப்பு. என்னைக் கேட்டால், மகசூலைவிட இதுதான் பெரிய மாற்றம். தண்ணீர் இருந்தவர் இரண்டு போகம் எடுத்தார்.

கேள்வி: தண்ணீர் இல்லாதவர்?

பதில்: அவர்தான் மாட்டிக்கொண்டார். உற்பத்தி பெருகி நெல் விலை இறங்கியது. வாங்கிச் சாப்பிடும் ஏழைக்கு அது நல்லது. மானாவாரியில் பழைய ரகத்தையே விதைத்தவருக்கோ மகசூலும் கூடவில்லை, விலையும் போயிற்று. ‘சிறு விவசாயிக்குப் பயனே இல்லை’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பாசனம் உள்ள இடங்களில் சிறியவர்களும் கொஞ்சம் பிந்தியாவது மாறினார்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவில் இந்த ரகங்கள் ஏன் எடுபடவில்லை சார்?

பதில்: அங்கே பாசனப் பரப்பு குறைவு, சாப்பாடும் பெரும்பாலும் மக்காச்சோளம், சோளம், கம்பு, மரவள்ளி. ஆசியாவுக்கென்று உருவான நெல்லையும் கோதுமையையும் அங்கே இறக்கினால் எப்படி? ஆசிய நெல்லையும் ஆப்பிரிக்க நெல்லையும் கலந்த நெரிக்கா ரகங்கள் 1990-களில்தான் வந்தன.

கேள்வி: பூச்சித் தொல்லை கூடியது உண்மையா?

பதில்: உண்மை. ஒரே ரகம், நிறைய யூரியா, வருடம் முழுக்கப் பயிர். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வேறென்ன வேண்டும்? மருந்தடித்தால் புகையானைத் தின்னும் சிலந்தி முதலில் சாகும், அப்புறம் புகையான் இன்னும் கூட்டமாக வரும். இந்தோனேசியா 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. விளைச்சல் விழவில்லை.

கேள்வி: வருடா வருடம் விதை வாங்கியே ஆக வேண்டுமா?

பதில்: வீரிய ஒட்டு (இரண்டு ரகங்களைக் கலந்து எடுக்கும் முதல் தலைமுறை விதை) என்றால் ஆமாம், எடுத்துவைத்த விதை மறு வருடம் ஒரே சீராக வராது. ஐ.ஆர்.8 போன்ற ரகம் என்றால், கலப்பில்லாமல் பார்த்து விதைநெல் எடுத்துவைக்கலாம்.

கேள்வி: அப்படியானால் நாட்டு ரகங்கள் இனி எதற்கு?

பதில்: புது ரகத்துக்கே அவைதான் மூலம். வெள்ளத்தில் இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தும் பிழைக்கிற ஸ்வர்ணா சப்1 ரகத்துக்கு அந்தத் திறனைத் தரும் மரபணு ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்தது.