அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு எதற்குத் தனிச் சங்கம்?

1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடித் தொடங்கியது, தேசியக் கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கம். செய்தித்துறையில் கறுப்பினத்தவர் நுழையவும் நிலைக்கவும் கைகொடுப்பது அதன் வேலை. மாணவர்களுக்கு உதவித்தொகை, பயிற்சி, வழிகாட்டி எல்லாம் உண்டு.

காரணம்? 1967-இல் அமெரிக்க நகரங்களில் வெடித்த இனக் கலவரங்களை ஆராய்ந்த அரசின் கெர்னர் ஆணையம், செய்திப் பணிகளில் கறுப்பினத்தவர் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று 1968-இல் சொன்னது. எரிந்த தெருவைப் பற்றி எழுதியவர்களில் அந்தத் தெருக்காரர்கள் அபூர்வம்.

வழிகாட்டி என்பவர் கிணற்றில் நீச்சல் பழக்கும் அண்ணன் மாதிரி. இடுப்பைப் பிடித்திருப்பார், நீந்துவது நாம்தான். முதல் செய்தியைத் திருத்தி, "இதை யார் சொன்னது, பெயர் எங்கே?" என்று கேட்பவரும் அவரே. என்னைக் கேட்டால், உதவித்தொகையைவிட இதுதான் பெரிது.

பலர் நினைப்பதுபோல் கறுப்பினப் பத்திரிகை 1975-இல் பிறக்கவில்லை. நியூயார்க்கில் 'ஃப்ரீடம்ஸ் ஜர்னல்' 1827-லேயே வந்துவிட்டது.