பெங்களூர்ல ஏறி பிராங்க்பர்ட்ல இறங்க ஆறு மணி நேரம் தானா?

தம்பி, செப்டம்பர் 15 விடிகாலை 3.20க்கு பெங்களூர்ல ஏறி அதே நாள் காலைல 9.10க்கு பிராங்க்பர்ட்ல இறங்குறதா டிக்கெட்ல இருக்கு, ஆறு மணி நேரத்துல ஜெர்மனி போயிடலாமா, எவ்ளோ தூரம்னு கேட்டிருந்த. போக முடியாதுப்பா. 3.20ங்கிறது நம்மூர் டைம், 9.10ங்கிறது அந்த ஊர் டைம். செப்டம்பர்ல அவங்க நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி, அதையும் சேத்துக்கோ, 9 மணி 20 நிமிஷம் ஆகுது. நேர்க்கோட்டுல தூரம் சுமார் 7,400 கிலோமீட்டர். திரும்பி வரும்போது கொஞ்ச நேரம் கம்மியாதான் இருக்கும், மேல மேற்குல இருந்து கிழக்கா அடிக்கிற காத்து பின்னாடி இருந்து தள்ளி விடும், போறப்போ அதே காத்து எதுக்க நிக்கும்.

துபாய் வழியா மலிவா கிடைக்குதுன்னு உன் மாமா சொல்றாருன்னு எழுதியிருந்த, அதுவும் சரிதான். பெங்களூர் துபாய் 2,700, துபாய் பிராங்க்பர்ட் 4,840, கூட்டிப் பாத்தா நூத்தி நாப்பது கிலோமீட்டர் தான் கூட. ஆனா நடுவுல உக்கார்ற நேரம்னு ஒண்ணு இருக்குல்ல, அது ரெண்டு மணியா எட்டு மணியான்னு பாத்துட்டு வாங்கு.

இப்ப முக்கியமான விஷயம், தேதி. 15ஆம் தேதி 3.20ன்னா நீ காவேரிப்பட்டணத்துல வீட்டை விட்டு கெளம்ப வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி. சிரிக்காத, என்கூட படிச்ச பாலக்கோட்டு பையன் 15ஆம் தேதி சாயங்காலம் மாலை மரியாதையோட டெம்போ டிராவலர்ல பதினாலு பேரை ஏத்திக்கிட்டு கெளம்பினான், பிளைட் அன்னிக்கு விடிகாலையே போயாச்சு. திரும்ப டிக்கெட் போட்ட காசுல இங்க ஜெர்மனில ரெண்டு மாசம் ரூம் வாடகை கட்டியிருக்கலாம்.

தேவனஹள்ளில இருக்கிற பெங்களூர் ஏர்போர்ட் உங்க வீட்ல இருந்து எப்படியும் 130 கிலோமீட்டருக்கு மேல. சூளகிரி, ஓசூர் வரைக்கும் வண்டி பறக்கும், அத்திப்பள்ளி தாண்டினதுக்கு அப்புறம் பெங்களூருக்குள்ள சில்க் போர்டு, ஹெப்பால்னு எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது, லாரி வேற. ராத்திரி எட்டு மணிக்கே கெளம்பிடு, பன்னெண்டுக்குள்ள டெர்மினல் 2ல நின்னுடணும், வெளிநாட்டு பிளைட்டெல்லாம் 2023ல இருந்து அங்கதான். சீக்கிரம் போய் உக்காந்தா கொசு கூட கடிக்காது, ஏசி தான்.

பிராங்க்பர்ட்ல இறங்கி இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ரெண்டு மணி நேரம் வச்சுக்கோ. ஏர்போர்ட்லயே டிரெயின் ஸ்டேஷன் இருக்கு, நீ போக வேண்டிய ஸ்டுட்கார்ட்டுக்கு ஐசிஇங்கிற வேக டிரெயின் ஏறினா ஒன்னேகால் மணி நேரம் மாதிரி. ஆக வீட்டு வாசல்ல இருந்து ரூம் வாசல் வரைக்கும் இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு மணி நேரம் ஆயிடும். ஊறுகா, ராகி மாவு எடுத்துட்டு வா, நெய் வேண்டாம், பாலு, கறி சாமான் உள்ள விட மாட்டாங்க.

இறங்கினதும் அம்மாவுக்கு போன் போடு, அங்க மதியம் 12.40 தான் ஆயிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அதுக்கப்புறம் வித்தியாசம் நாலரை மணி நேரம், அதையும் அம்மாகிட்ட இப்பவே சொல்லி வச்சிடு, இல்லன்னா பையன் ஏன் இன்னும் கூப்பிடலன்னு உக்காந்திருப்பாங்க.