அப்பாவின் மோரிஸ் மைனரை விற்பது துரோகமா?

ஆலோசகர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு 44 வயது. சுங்கை சிப்புட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவர். அவருடைய மோரிஸ் மைனர் 1000 கார் இன்னும் எங்கள் வீட்டில் நிற்கிறது. 1964ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி. அப்பா இறந்து இரண்டு ஆண்டாகிறது. அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து கணக்குப் பார்த்தால், நான்கு ஆண்டாக அது தகரக் கொட்டகையை விட்டு நகரவில்லை. "வாரத்துக்கு ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணி வைம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் செய்யவில்லை.

இப்போது பிரேக்கை மிதித்தால் மிதி தரையோடு போகிறது. ஓட்டுநர் பக்கத் தரைத்தகடு ரப்பர் பாய்க்குக் கீழே துருப்பிடித்து உதிர்கிறது. முழுதாகச் சரிசெய்ய போமன் (மெக்கானிக்) 18,000 ரிங்கிட் கேட்கிறார். ஒரு தவுக்கே (சீன முதலாளி) வந்து பார்த்துவிட்டு 4,000 தருவதாகச் சொன்னார். ஷா ஆலத்திலிருக்கும் தம்பி, "பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேலையப் பாரு" என்கிறான். அம்மாவோ பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

என் சேமிப்பை எடுத்து வண்டியைப் புதுசுபோல ஆக்கிவிட்டு விற்கலாமா? இப்படியே தள்ளிவிட்டால் அப்பாவுக்குத் துரோகம் செய்ததாகத்தானே ஆகும்? இரவில் சரியான தூக்கம் இல்லை.

- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

அன்புச் சகோதரி,

விற்கப் போகிற வண்டிக்கு 18,000 ரிங்கிட் செலவழிப்பது எந்தக் கணக்கிலும் சேராது. அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் மனம் அதையே கேட்கிறது. காரணம், அந்தப் பணம் வண்டிக்கானது அல்ல. "சொன்னதைச் செய்யாமல் விட்டேனே அப்பா" என்று கேட்க நினைக்கும் மன்னிப்பின் விலை. அதனால் முதலில் அந்தக் குற்றத்தையே எடுத்துப் பார்ப்போம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் சிலிண்டருக்குள் துருவாகி ரப்பர் சீலைக் கெடுக்கும். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், சேஸிக்குள்ளேயே இருப்பதால் கீழிருந்தும் ஈரம் படும். தரைத்தகடு அரித்தது பாய்க்குக் கீழே தேங்கிய நீரால். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டிருந்தால் இந்த இரண்டில் எதுவும் நின்றிருக்காது. சொல்லப்போனால், சூடேறும் முன்பே அணைக்கப்படும் எஞ்சினுக்குள்ளும் புகைக்குழாயிலும் நீர் கோத்துத் துரு இன்னும் கூடும். பேட்டரியும் பெட்ரோலும் வேண்டுமானால் கொஞ்சம் தப்பியிருக்கும். நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஆண்டுகளில் உங்கள் கையிலிருந்து நழுவியது அவ்வளவுதான்.

சரி, விற்பதற்கு எவ்வளவு பழுதுபார்க்க வேண்டும்? எஞ்சின் ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். குறிப்பாக, பெயிண்ட் அடிக்காதீர்கள். பழைய வண்டி வாங்குபவர் புதுப் பெயிண்டைக் கண்டால் உள்ளே துருவை மூடிய புட்டி இருக்கிறது என்றே எண்ணுவார். ஒட்டுகிறதா என்று காந்தத்தை வைத்துப் பார்ப்பார்.

சாவியை உடனே திருகவும் வேண்டாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடச் சொல்லுங்கள். மறுநாள், கியர் நியூட்ரலில் இருக்க, முன்பக்கம் செருகும் ஹேண்டிலால் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒட்டிப்போன பிஸ்டன் வளையத்தை ஸ்டார்ட்டர் மோட்டாரால் இழுத்தால் உடைந்துவிடும். பிறகு டேங்கிலுள்ள பழைய பெட்ரோலை முழுக்க இறக்கி, எஸ்யூ கார்புரேட்டரின் மிதவை அறையில் படிந்த பிசினைக் கழுவி, எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டும், ஏறக்குறைய 3.7 லிட்டர் பிடிக்கும். எஞ்சின் ஓடிச் சூடானதும் நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே எழும் அழுத்தம்) அளந்து தாளில் எழுதி வாங்குங்கள். நான்கும் நெருங்கி இருந்தால் பேரத்தில் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று. சக்கரச் சிலிண்டர்கள் ஆறு, முன்சக்கரத்துக்கு இரண்டிரண்டு, பின்சக்கரத்துக்கு ஒவ்வொன்று. ரப்பர் குழாய்கள் மூன்று. ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை, அடுத்த பலவீனமான சீல் கசியும். மைனருக்கான உதிரிபாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. ஆகவே போமன் "சாமான் கிடைக்காது" என்றால் நம்பாதீர்கள். 18,000க்கும் மொத்தக் கணக்காக இல்லாமல், வேலை வேலையாகப் பிரித்த பட்டியல் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் கீழ் இணைப்பான டிரன்னியன் தேய்ந்தால், ஓடும்போதே சக்கரம் மடிந்து வண்டி சாய்ந்துவிடும். கிரீஸ் படாமல் நின்ற வண்டியில் இதைப் பார்க்காமல் யாரையும் ஓட்ட விடக்கூடாது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் வண்டி லாரியில் ஏறித்தான் போக வேண்டும்.

துருப்பிடித்த இடங்களை மறைக்காமல் படமெடுத்து, வாங்க வருபவரிடம் முதலிலேயே காட்டுங்கள். விலையைப் பொறுத்தவரை, தவுக்கே சொன்னதும் குறைவாக இருக்கலாம், உங்கள் மனத்திலுள்ளதும் கூடுதலாக இருக்கலாம். கானமன், நெட்ச், தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், கையில் கோப்பை கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாரானதைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது. சற்று முன்பு கிடைத்த கோப்பைக்கே அப்படியென்றால், அப்பா ஓட்டிய வண்டிக்கு எப்படி இருக்கும்? மைனரை ஓட்டத் தெரிந்த மூன்று பேரிடமாவது விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தால் இப்போது விற்க முடியாது. அவர் விட்டுச்சென்றது அசையும் சொத்து மட்டும், 6 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாது என்றால், இறந்தவர் சொத்தை நிர்வகிக்கும் அமானா ராயா நிறுவனத்தை அணுகலாம். வீடு நிலமும் இருந்தால் நில அலுவலகம். அவர்கள் தரும் ஆணை கைக்கு வந்த பிறகே ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாறும். பெயர் மாற்றப் பரிசோதனையில் எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எப்போதோ எஞ்சின் மாற்றியிருந்தால் இங்கேதான் மாட்டும், முன்பே ஒப்பிட்டுவிடுங்கள். "பெயரை அப்புறம் மாத்திக்கலாம்" என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அவர் வாங்கும் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.

அமானா ராயா அலைச்சலைத் தம்பியிடம் விடுங்கள். சுமையை அவரும் தூக்கட்டும். பழைய இரும்புப் பேச்சு அதோடு குறையலாம்.

அம்மாவிடம் "விற்கலாமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் எழுந்து போவதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒரு மாலை கொட்டகையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதுல அப்பா உங்களை முதல்ல எங்கம்மா கூட்டிட்டுப் போனாரு?" என்று கேளுங்கள். அவர் பேசட்டும், அன்று விற்பனையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். இன்னொரு நாள், "யார் கையில இருந்தா உங்களுக்கு நிம்மதி?" என்று கேளுங்கள். மாற்றுச் சாவி, கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய ரோட் டேக்ஸ் தாள்கள் போன்றவற்றை அவர் எடுத்து வைத்துக்கொள்ளலாம், விலை குறையாது. ஏ எழுத்தில் தொடங்கும் அந்தப் பழைய பேராக் பதிவு எண்ணை வண்டியிலிருந்து பிரித்தால் மட்டும் விலை குறையும். அம்மா அதைக் கேட்டால், வண்டி உங்கள் பெயருக்கு வந்த பின், விற்கும் முன்பே, வேறு வண்டிக்கு மாற்ற ஜேபிஜேயில் விண்ணப்பியுங்கள்.

தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் நீடித்தால், அல்லது சாப்பாடும் பிடிக்காமல் போனால், அரசு கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றும் வேலையை இந்தச் சனிக்கிழமையே போமனிடம் சொல்லிவிடுங்கள். அவர் வரும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.