கொழுப்பு ஊசி போட்டால் பத்தியம் வேண்டாமா?

98 கிலோ எடை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) 380, எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) 142. ஊசி போட்டால் பத்தியம் தேவையில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊசி என்று மருத்துவரிடம் கேட்டீர்களா? வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைடு பசியைக் குறைத்து எடையை இறக்கும், ட்ரைகிளிசரைடும் கூடவே ஓரளவு இறங்கும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். எவோலோகுமாப் ஊசி வேறு ரகம். எல்டிஎல்லைப் பாதிக்கு மேல் குறைக்கும், எடையைத் தொடாது. அது பொதுவாக, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போதாதபோது தருவது. நீங்கள் மாத்திரையே ஆரம்பிக்கவில்லை என்கிறீர்களே!

உங்கள் 380-க்குச் சாப்பாட்டை மாற்றினாலே நன்றாகக் கேட்கும். சர்க்கரை, மாவுச்சத்து, மது மூன்றும் ட்ரைகிளிசரைடை ஏற்றும். எனக்கும் 340 இருந்தது. எண்ணெயை நிறுத்திவிட்டு, லேசான சாப்பாடுதானே என்று தினம் ராத்திரி ஜவ்வரிசி உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நம்ம சேலத்து ஜவ்வரிசி சுத்தமான மாவுச்சத்து! அதையும், நாலு டம்ளர் காபிக்குப் போட்ட சர்க்கரையையும் விட்டேன். மூன்று மாதத்தில் 210. எல்டிஎல் மட்டும் 150-லிருந்து 141தான் வந்தது, அதற்கு மாத்திரை போடவேண்டியதாயிற்று. எங்கள் ஊர் நொறுக்குத்தீனியான தட்டுவடை செட்டை விட்டேனா என்று கேட்காதீர்கள்.

அப்புறம், இந்த ரிப்போர்ட் மாம்பழ சீசனில் எடுத்ததா? 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி பாருங்கள், தைராய்டும் மூன்று மாதச் சர்க்கரை அளவும் சேர்த்து. ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அப்போது பத்தியத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.